ஓடையை நம்பிக் கொடுத்த வாக்கு

மார்ச் 11, செவ்வாய்

சுற்றிவிட்டது! மூன்று மாதமாக முரண்டு பிடித்த நீர்ச்சக்கரம் இன்று மதியம் சுற்றியேவிட்டது. கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் குழாயைத் திறந்ததும் வழக்கம்போல முதலில் ஒரு முனகல், பிறகு ஓர் உதறல், அப்புறம் — விளக்குகள்! பலகையில் மாட்டியிருந்த குண்டு பல்புகள் அத்தனையும் எரிந்தன. என் மாணவர்கள் மொத்தமே ஒன்பது பேர். ஆனால் போட்ட கூச்சலில் மேல்மாடிப் பொருளியல் துறையிலிருந்து ஆள் இறங்கி வந்து, "இங்க என்ன கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கால்சட்டை முழங்கால் வரை ஈரம். ஐம்பத்திரண்டு வயது நீரியல் பேராசிரியை தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு கை தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ரெக்டர் வந்தார். துர்துபெக் அகாய் பல வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர். நான் மாணவியாக இருந்தபோது எனக்குப் பாலங்கள் பற்றிப் பாடம் எடுத்தவர்; ஆசிரியரை 'அகாய்' என்றுதான் கூப்பிடுவோம். ஈரத்தில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்று பல்புகளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் எரியுது. ஜிபார், நான் மே மாசத்தோட போறேன். வெளியில இன்னும் சொல்லல."

"எங்க போறீங்க அகாய்?"

"எங்க போவாங்க? வீட்டுக்குத்தான். ஆப்பிள் மரம் காத்துக்கிட்டு இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "நீ நிக்கிறியா?"

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றேன்.

மாணவர்கள் சிரித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மார்ச் 12

நானாவது, ரெக்டராவது! என் கணவர் மெலிஸிடம் சொன்னேன். கால்நடை மருத்துவர் அல்லவா, ஒரு குதிரைக்கு வயிற்று வலி பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீயா? கூட்டம்னாலே தலைவலின்னு வீட்டுக்கு ஓடி வர்ற ஆளு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"ஆனா ஒண்ணு. ரெக்டருக்குக் காரும் டிரைவரும் உண்டு. நம்ம வண்டி குளிர்ல ஒரு நாளாவது கிளம்பியிருக்கா? நல்லா யோசி."

இவரிடம் போய் அறிவுரை கேட்டேனே.

மார்ச் 19, புதன்

ஆத்திரமாக இருக்கிறது. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

செய்தி கசிந்துவிட்டது. பொருளியல் துறைத் தலைவர் ஷைலோபெக் நிற்கப்போகிறான். அவன் என் வகுப்புத் தோழன். ஒரே பேருந்தில் உருளைக்கிழங்கு தோண்டப் போனவர்கள் நாங்கள். அவன் பிறந்த அன்று தேர்தலாம். அதனால் 'ஷைலோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பேரிலேயே தேர்தலைச் சுமந்துகொண்டு பிறந்தவனோடு யார் போட்டி போடுவது?

நடைபாதையில் மறித்துக் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமா ஜிபார். நான் வந்தா நீரியல் துறையை மூடுவேன். ஒன்பது பசங்க, நாலு வாத்தியார், ஒரு தொட்டி. எத்தனை வருஷம் இழுக்கிறது?"

"தண்ணியைப் படிக்காம இந்த நாட்டுல வேற என்னத்தைப் படிப்பாங்க?"

"சுங்கச் சட்டம் படிக்கிறாங்களே! போன வருஷம் நாற்காலி பத்தல."

"அந்தக் கீழ்த்தளம்?"

"உடற்பயிற்சிக்கூடம் கேட்டிருக்காங்க. பசங்களும் அதைத்தான் கேட்கிறாங்க."

என் தொட்டி இருக்கிற இடத்தில் ஓடும் பொறி வைக்கப் போகிறானாம்! இருக்கிற இடத்திலேயே ஓடுவதற்கு ஒரு பொறி! இந்தக் கராகோல் ஊரைச் சுற்றி இத்தனை மலை நிற்கிறது, ஏறி ஓட வேண்டியதுதானே?

மார்ச் 20

நிற்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஓட்டுக் கேட்பது இத்தனை சுவாரசியமாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா! செஜிம்தான் எனக்குத் தளபதி. எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர். நாக்கு நீளம், பயம் கிடையாது. துறை துறையாக என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். கட்டடக்கலைக்காரர்கள் தேநீர் கொடுத்தார்கள். கணிதத்தார் கேள்வி மட்டும் கேட்டார்கள். மொழித்துறையில் எல்லோரும் 'எஜே', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற ஒரு மூத்த அம்மாள், "நீ ரெக்டரானா எங்க எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுப்பியாமே?" என்றார். ஷைலோபெக் கிளப்பிய வேடிக்கை என்று தெரிந்தது. "கொடுப்பேன் எஜே, உங்களுக்குச் சிவப்பு," என்றேன். கலகலத்தார்கள். அங்கே நிச்சயம் நாலு ஓட்டு உண்டு.

ஏப்ரல் 17, வியாழன்

மாணவர் விடுதிக்குப் போனேன். மாணவர் பிரதிநிதிகளுக்கும் ஓட்டு இருக்கிறதே, அதற்காகத்தான் போனேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடியில் ஒரு அறை. நாலு பெண்கள். ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது, ஒருத்தி கோட்டைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து படிக்கிறாள். சுவரிலிருந்த வெப்பக்குழாயைத் தொட்டேன் — கல். "ஜனவரியில எப்படி இருந்தது?" என்று கேட்டேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஊல்ஜான் என்கிற இரண்டாமாண்டுப் பெண், என் சொந்தத் துறை மாணவி, மெதுவாகச் சொன்னாள்: "கரண்ட் போனா ரெண்டு ரெண்டு பேரா படுத்துக்குவோம் எஜே. பழகிடுச்சு."

பழகிடுச்சாம்! என் வகுப்புல முதல் வரிசையில உக்கார்ற பொண்ணு. ஒரு வாட்டியாவது வாயைத் திறந்து சொன்னாளா? நானாவது கேட்டேனா? நான் பல்பு எரிஞ்சதுன்னு கீழ கை தட்டிக்கிட்டு இருந்தேன், இவங்க மேல நடுங்கிக்கிட்டு இருந்திருக்காங்க.

ஓட்டுக் கேட்கவே இல்லை. இறங்கி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

மெலிஸோடு மேல் ஓடைக்குப் போனேன். அவருக்கு அங்கே ஒரு பட்டியில் ஆடுகளுக்குத் தடுப்பூசி. எனக்கு வேறு வேலை. கூட்டுப்பண்ணைக் காலத்துச் சிறு மின்நிலையம் ஒன்று அங்கே பாழாகக் கிடக்கிறது. மாணவர்களை வேடிக்கை காட்ட எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறேன். இன்று வேறு கண்ணோடு பார்த்தேன். வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, ஆனால் சரிவு அப்படியே இருக்கிறது! கொட்டகைக்குக் கூரை இல்லை, ஆனால் அடித்தளம் பாறை மாதிரி. பழைய சக்கரம் துருப்பிடித்துப் போயிருக்கிறது — அதற்குப் பதில் எங்கள் சக்கரம், பெரிய அளவில்! அங்கிருந்து விடுதி கண்ணுக்கே தெரிகிறது.

முடியுமா? முடியும். முடியும், முடியும்!

"ஏன் ஓடைகிட்ட தனியா பேசிக்கிட்டு இருக்கே?" என்று மெலிஸ் கேட்டார். ஒரு ஆட்டுக்குட்டி அவர் கையில் கத்திக்கொண்டிருந்தது.

மே 22, வியாழன்

இன்று தேர்தல். முதலிலிருந்து சொல்கிறேன்.

பெரிய மண்டபம் நிறைந்திருந்தது. ஷைலோபெக் முதலில் பேசினான். அழகாகப் பேசினான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். படங்கள், வளர்ச்சி, வெளிநாட்டு ஒப்பந்தம். எல்லோரும் நன்றாகக் கை தட்டினார்கள். நானும்கூடத் தட்டினேன், செஜிம் என் முழங்கையைக் கிள்ளினாள்.

என் முறை வந்தது. செஜிம் எழுதிக்கொடுத்த உரையை விரித்தேன். 'மதிப்பிற்குரிய' வரை வாசித்தேன். எதிரே மாணவர் வரிசை, ஊல்ஜான் உட்கார்ந்திருந்தாள். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"ஜனவரியில நம்ம பசங்க கோட்டோட தூங்குறாங்க," என்றேன். "இது பொறியியல் பல்கலைக்கழகம். நமக்கு மேல ஓடை ஓடுது. பழைய மின்நிலையம் அங்க சும்மா கிடக்குது. அடுத்த குளிர்காலத்துல விடுதிக்கு அந்த ஓடையிலிருந்து வெளிச்சமும் சூடும் வரும். வரலைன்னா நீங்க யாரும் என்னைப் போகச் சொல்ல வேண்டாம். நானே எழுந்து போயிடுவேன்."

பின்னாலிருந்து யாரோ, "அதை எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார். "ஆயிரம் பேர் முன்னாடி சொன்னதுக்கு மேல எழுத என்ன இருக்கு?" என்றேன். அப்போதுதான் ஆரம்பித்தது கைதட்டல். மாணவர் வரிசையில் பெஞ்சைத் தட்டினார்கள்.

அஞ்சு ஓட்டு வித்தியாசம். வென்றேன்! அஞ்சே அஞ்சு!

அகாய் எனக்குச் சரிகை அங்கி போர்த்தினார். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. முதலில் வந்து கை கொடுத்தது ஷைலோபெக்.

"பேர்ல தேர்தலை வச்சுக்கிட்டுத் தோத்தவன் இந்த நாட்டுலயே நான் ஒருத்தன்தான்," என்றான். பிறகு காதருகே: "ஓடையை நம்பி வாக்குக் கொடுத்திருக்கே. உனக்குப் பைத்தியம்தான்."

மெலிஸ் வாசலில் நின்றார். "டிரைவர் எங்க?" என்பதுதான் அவருடைய வாழ்த்து.

ஜூன் 10

என் மேசை ஒரு பிணவண்டி அளவு இருக்கிறது. மூன்று தொலைபேசி. எதை எடுத்தாலும் வேறொன்று அடிக்கிறது. காலையிலிருந்து கையெழுத்து, கையெழுத்து. ஒரு சமன்பாடுகூடப் போடவில்லை.

இன்று ஒரு காரியம் செய்தேன், எனக்கே ஆச்சரியம். ஷைலோபெக்கைக் கூப்பிட்டுத் துணை ரெக்டராக இருக்கச் சொன்னேன். செஜிம் கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. ஆனால் இந்த வரவு செலவுக் காகிதங்களை வேறு யார் வாசிப்பது? நானா?

"எதுக்கு என்னை?" என்றான்.

"நான் தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள் நீ ஒருத்தன்தான்."

"அப்போ இப்பவே ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் கதவு ஓரம் இருக்கிற பூச்செடி செத்துப் போச்சு."

ஜூலை 5, சனி

ஓடையோரக் கிராமத்தாரிடம் அனுமதி கேட்கப் போனோம். கூடாரத்தில் நாங்கள் உட்கார, கிமிஸ் வந்துகொண்டே இருந்தது. குதிரைப் பாலின் புளிப்பு மண்டைக்கு ஏறிவிட்டது. தண்ணீரை எடுத்துவிடுவோமோ என்று அவர்களுக்கு பயம். எடுக்கமாட்டோம், சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதே ஓடைக்குத் திரும்பிவிடும் என்று தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். உப்பீன்பெக் என்கிற கிராமத் தலைவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி திரும்பி வரும்போது பலம் குறைஞ்சு வருமா?"

"வராது, அண்ணே. தண்ணி தண்ணியாவே வரும்."

"எங்க பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கம்பி இழுப்பியா?"

ஷைலோபெக்கைப் பார்த்தேன். அவன் மனதுக்குள் கூட்டிக் கழித்தான், தலையை ஆட்டினான். "இழுப்போம்," என்றேன். எல்லோரும் உள்ளங்கை விரித்து ஆசி சொன்னார்கள். ஓமின்! முகத்தில் கையைத் தடவி எழுந்தபோது எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ரெக்டர் குதிக்கக் கூடாதாம். செஜிம் எனக்கும் சேர்த்துக் குதித்தாள். கோபம் தீர்ந்துவிட்டது போலும்.

ஆகஸ்ட் 20, புதன்

தீரவில்லை. இன்று புதிதாக ஆரம்பித்திருக்கிறது.

சேர்க்கை முடிந்தது. நீரியலுக்கு விண்ணப்பித்தவர்கள் நாலு பேர். நாலு. ஷைலோபெக் காகிதத்தை என் முன்னால் வைத்தான். ஒரு கிண்டலாவது செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

எந்தத் துறையைக் காப்பாற்ற நின்றேனோ அதை நானே மூடினேன். நீரியல், மின்னியல், கட்டுமானம் மூன்றையும் சேர்த்து 'மலை ஆற்றல்' என்று ஒரே துறை. தொட்டி அங்கேயே இருக்கும், ஆசிரியர்கள் இருப்பார்கள். பெயர்ப்பலகை போகும். என் ஆசிரியர் வைத்த பலகை.

செஜிம் வந்தாள். உட்காரவில்லை.

"இதுக்கா எஜே வெயில்ல அலைஞ்சு ஓட்டுக் கேட்டேன்? இதை அவரே பண்ணியிருப்பாரே!"

என்னத்தைச் சொல்றது? அவன் பண்ணியிருந்தா தொட்டி போயிருக்கும்னு சொன்னேன். அவ கேக்கல. எனக்கே பாதி நம்பிக்கைதான். சரியாத்தான் பண்ணேனா? அந்த நாற்காலியில உக்காந்தா எல்லாரும் ஒரே மாதிரி ஆயிடுவாங்களா?

ஆகஸ்ட் 22

செஜிம் தொலைபேசியில்: "புதுத் துறைக்கு யாரு தலைவர்?"

"நீ."

"மூணு துறை ஆளுங்களையும் ஓடைக்கு அனுப்புங்க. திங்கட்கிழமை. மண்வெட்டியோட." வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

முதல் நாள். வெள்ளை ரிப்பன்கள், பூங்கொத்துகள், இசை! 'மலை ஆற்றல்' இரண்டாம் சுற்றுச் சேர்க்கையில் ஒரு வகுப்பே நிறைந்துவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பெயரில் எல்லாமே இருக்கிறது போல. ஷைலோபெக்கிடம் சொல்லக் கூடாது. ஏற்கெனவே தலைக்கனம்.

அக்டோபர் 11, சனி

வாய்க்கால் தோண்டி முடிந்தது! கட்டுமானக்காரர்கள் சுவர் எழுப்பினார்கள், மின்னியல் மாணவர்கள் கம்பம் நட்டார்கள், கிராமத்தார் ஆடு அடித்தார்கள். வேறு வேறு துறைப் பையன்கள் ஒரே தட்டில் கை விட்டுச் சாப்பிட்டதைப் பார்த்தேன். நான் ஒரு மணி நேரம்தான் அங்கே இருக்க முடிந்தது. தலைநகரிலிருந்து அமைச்சக ஆட்கள் வந்திருந்தார்கள். காலணியில் சேற்றோடு போய் வரவேற்றேன்.

நவம்பர் 17, திங்கள்

எரிகிறது! விடுதி எரிகிறது — தீயில் இல்லை, வெளிச்சத்தில்! ஓடையின் மின்சாரம்! மாலை இருட்டத் தொடங்கியதும் செஜிம் மேலிருந்து போன் செய்தாள், "திறக்கிறோம்!" நாங்கள் கீழே முற்றத்தில் நின்றோம். ஒரு ஜன்னல், இரண்டு, பிறகு மாடி மாடியாக! பையன்கள் தொப்பியை மேலே எறிந்தார்கள். ஒரு தொப்பி ஷைலோபெக் தலையில் விழுந்தது. அதைப் போட்டுக்கொண்டே ஆடினான். ஆடினான்! பொருளியல்காரன்!

மெலிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 29, சனி

நின்றுபோய்விட்டது.

பனிக்கூழ். திடீரென்று கடுங்குளிர் இறங்கியதில் ஓடைத் தண்ணீருக்குள்ளேயே பனித்துகள் உருவாகி, களியாகத் திரண்டு, வாய்க்காலுக்குள் தண்ணீர் புகும் நுழைவாயிலை அடைத்துவிட்டது. முப்பது ஆண்டு நீரியல் படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். கணக்கிட்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கனமாக வரும் என்று கணக்கிடவில்லை. விடுதி பழைய மின்கம்பிக்கு மாறியது. பழைய குளிர்.

டிசம்பர் 4, வியாழன்

பனிக்கூழை வாரியாலும் கோடாரியாலும் அடித்து எடுக்கிறார்கள், மறுநாள் காலை மறுபடி அடைக்கிறது. பல்கலைக்கழகப் பேரவை கூடியது. எழுந்து நின்று சொன்னேன்: "இந்தக் குளிர்காலத்துல வரும்னு வாக்குக் கொடுத்தேன். நிலையம் நிக்குது. நான் போறேன்."

தேநீர்க் கோப்பை வைக்கிற சத்தம். ஷைலோபெக்தான் வாயைத் திறந்தான். அடுத்த ரெக்டர் அவன்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"டிசம்பர் ஆரம்பம் இது. குளிர்காலம் மார்ச்ல முடியுது," என்றான். "எப்பத்தான் கணக்குக் கத்துக்கப் போறே ஜிபார்? உக்காரு."

உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. தும்மல் மாதிரி நடித்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

இரண்டு மணி நேரம் கிடைத்தது. ஓடிப்போனேன், மேலே ஓடைக்கு! அமைச்சகக் கூட்டத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு.

செஜிமும் ஊல்ஜானும் பனியில் மண்டியிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நுழைவாயிலுக்கு மேலே ஓடையை அகலமாக்கிக் குளம் போலத் தேக்கியிருக்கிறார்கள். தண்ணீர் வேகம் குறைந்து மேலே பனி மூடிவிட்டால் அடியில் கூழ் உருவாகாது — அது ஊல்ஜான் யோசனை. வாய்க்கால் நெடுகப் பலகை போட்டுக் கம்பளம் போர்த்த வேண்டும் — அது செஜிம். கிராமத்தார் பழைய கூடாரக் கம்பளங்களைக் குதிரையில் கொண்டு வந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நுழைவாயில் கம்பிகளைச் சூடாக்கினா?" என்றேன்.

ஊல்ஜான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதைப் போன வாரமே கணக்குப் போட்டுப் பாத்தோம் எஜே. கிடைக்கிற மின்சாரத்துல பாதியை அதுவே தின்னுடும். இதைக் கொஞ்சம் பிடிங்க."

தன் கையுறைகளை என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையால் முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

போன் அடித்தது. ஷைலோபெக். "எங்க இருக்கே? உணவகக் குத்தகைக்காரங்க உக்காந்திருக்காங்க."

"ஓடையில."

"சரி பண்ணிட்டியா?"

"நான் கையுறை பிடிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றேன். அப்படிச் சந்தோஷமாக இருந்தது, இதைச் சொல்ல!

டிசம்பர் 22

மூன்று நாளாக ஓடுகிறது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கண் பட்டுவிடும்.

ஜனவரி 14, புதன்

இந்தக் குளிர்காலத்தின் மிகக் கடுமையான குளிர் இன்று. காலையில் காரே கிளம்பவில்லை, ரெக்டரின் கார்! மெலிஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடந்தே போனேன்; வழியில் விடுதி ஜன்னல்கள் எல்லாம் வெளிச்சமாக இருந்தன. நூலகக் கூரை ஒழுகல், தேர்வு அட்டவணைச் சண்டை, கணிதத்தாருக்கு மேசை வேண்டுமாம், பொருளியலுக்கு அறை வேண்டுமாம், உடற்பயிற்சிக்கூடம் கேட்டு மாணவர்கள் மனு. ஷைலோபெக்கோடு இரண்டு முறை வாய்ச்சண்டை, ஒரு முறை அவன் சொன்னது சரி.

வீட்டுக்கு வந்து சூடான சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்று முழுக்க ஓடையைப் பற்றி யாருமே என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.